கண்ணாடி ஷீட்டுக்கு அந்தப் பக்கம்

"மடிக்காதீங்க. சுருட்டுங்க," என்றாள் அறிவுச்செல்வி.

நேற்றே சொல்லியும் இன்று காலையில்தான் கிடைத்த குளிர்பெட்டியைத் தூக்கி வந்த நான்கு பேர் சந்தில் காத்துக்கொண்டிருந்தார்கள். வராந்தாவின் பக்கவாட்டில் கட்டியிருந்த, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட்டைக் கழற்றாமல் பெட்டி உள்ளே நுழையாது. ஜெரோம் நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எதையும் சொல்லித் தர வேண்டியதில்லை. மலை மேல் போட் ஹவுஸில் அவள் புருஷன் மணிமாறனோடு வேலை பார்த்தவன், இந்த ஷீட்டைக் கட்டிக் கொடுத்ததே அவன்தான். மறுமுனையைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டுச் சடையாண்டிதான், தார்ப்பாய் மடிக்கிற பழக்கத்தில் அதை நாலாக மடிக்கப் போய்விட்டார்.

"உள்ள பழைய வேட்டி கெடக்கு பாருங்க. அத நடுவுல வச்சுச் சுருட்டுங்க. இல்லாட்டி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிரும்."

உள்ளே அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். புருஷன் செத்துக் கிடக்கிறான், இவள் பிளாஸ்டிக்குக்கு வேட்டி கேட்கிறாள். "சித்தம் கலங்கிப் போச்சு, பாவம்," என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். துக்க வீட்டில் மெதுவாகச் சொல்வதெல்லாம் எல்லோருக்கும் கேட்பதற்காகச் சொல்வதுதான். அறிவுச்செல்விக்கும் கேட்டது. அவள் வேட்டியை எடுத்து வந்து தானே நடுவில் விரித்தாள்.

"முன்னாடி இருக்குறதையும் அவுத்துருங்கப்பா. சனம் வந்து பாக்கணும்ல," என்றார் காத்தமுத்து. மணிமாறனுக்குச் சித்தப்பா. இந்தத் தெருவில் யார் வீட்டுச் சாவு என்றாலும் நாற்காலி எங்கே போடுவது என்பதிலிருந்து எத்தனை மணிக்கு எடுப்பது என்பது வரை முடிவு செய்வது அவர்தான்.

"அது இருக்கட்டும் மாமா. பந்தக்காரவுக வந்து கெட்டும்போது பாத்துக்கலாம்."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலி போடும் இடத்தைக் காட்டப் போனார்.

பெட்டியை வராந்தாவில் வைத்தார்கள். மணிமாறனைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது ஜெரோம் தலைப்பக்கம் பிடித்தான். படகின் எஞ்சினைத் தனியாளாக இறக்கி வைக்கிற மனிதராக அவரைப் பார்த்தவன். தூக்கியதும் அவன் கை தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. கனம் அவ்வளவுதான். அவன் யாரையும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். சுவரில் இருந்த ஒரே பிளக்கில் ஆக்சிஜன் மெஷினின் வயர் இன்னும் செருகியபடியே இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு இதைச் செருகினார்கள்.

அவள் முன்பக்க ஷீட்டுக்கு அருகே போய் நின்றாள். தெரு பளிச்சென்று தெரிந்தது. எதிர் வீட்டு வாசலில் செழியன் நின்றுகொண்டிருந்தான். மணிமாறனின் தம்பி. தினமும் காலையில் நிற்கிற அதே இடம். அவள் அவனை நேராக முறைத்துப் பார்த்தாள். அவனும் நேராகப் பார்த்துக்கொண்டே நின்றான், கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை. என்ன நெஞ்சழுத்தம் இவனுக்கு என்று நினைத்தாள்.

மணிமாறனுக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிற நோய். மதுரையில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி நீளமாக விளக்கினார். அறிவுச்செல்விக்கு விளங்கியது, இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பது மட்டும்தான். மெஷினை வாடகைக்கு எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், தூசி ஆகாது, பனிக்காற்று ஆகாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தூசியும் பனியும் படாத இடம் உள் அறை ஒன்றுதான். அதன் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். சில நாள் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்துவிட்டு மணிமாறன் சொன்னான்:

"என்னைய வராந்தாவுல போடு செல்வி. செவுத்தப் பாத்துக்கிட்டே சாக முடியாது."

"லாரி ஒண்ணு போனா ஒரு படி மண்ணு உள்ள வருது. அங்க எப்புடிப் போடுறது?"

"போட்டுக்குக் கெட்டுறாப்புல கண்ணாடி ஷீட்டு கெட்டு."

அவன் இருபது வருஷத்துக்கு மேல் ஏரியில் மோட்டார் படகு ஓட்டியவன். மழைக்காலம் வந்தால் படகைச் சுற்றித் தொங்கவிடும் கண்ணாடி ஷீட்டுகளுக்கு அவன்தான் காவல். சுற்றுலா வந்தவர்கள் அதில் சாய்வதோ, பிள்ளைகள் நகத்தால் கோடு போடுவதோ அவனுக்குப் பொறுக்காது. வாரத்துக்கு ஒருநாள் வத்தலக்குண்டு வழியாக பஸ் பிடித்து இறங்கி வருகிறபோதுகூட வீட்டில் பேசுவது பாதி அந்த ஷீட்டுகளைப் பற்றித்தான் இருக்கும்.

அறிவுச்செல்வி திண்டுக்கல்லுக்குப் போய் ரெக்சின் கடையில் நாலைந்து விதத் துண்டுகள் வாங்கி வந்தாள். அவன் தலையணையில் சாய்ந்தபடி ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே பிடித்து எதிர் வீட்டைப் பார்த்தான். எதிர் வீட்டு நெற்றியில் 'சின்னத்தாய் இல்லம்' என்று எழுதியிருக்கும். அண்ணன் தம்பி இருவரின் அம்மா பெயர் அது.

"இதுல பாரு, எழுத்து நெளியுது. மட்டமான சரக்கு. இது ரொம்ப லேசு, காத்தடிச்சா படபடன்னு அடிச்சுக் கிழிஞ்சிரும். இது கனம், சுருட்டவே வராது." ஒரு துண்டை அதிக நேரம் பார்த்தான். "இது தெளிவாத்தான் இருக்கு. ஆனா ஓரத்துல மஞ்சளா அடிக்குதா? ரெண்டு வருசத்துல பழுத்துரும். வேணாம்."

ரெண்டு வருஷமா என்று அவள் கேட்கவில்லை. கடைசியாக இருந்த துண்டைக் காட்டி, "இது அஞ்சு வருசம் தாங்கும். இதையே எடு," என்றான். அவள் மறுநாள் போய் அஞ்சு வருஷம் தாங்குவதையே எடுத்துவந்தாள். பஸ்ஸில் அந்த உருளையை மடியில் வைத்துக்கொண்டு திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு வரை அழுதாள். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு வயதான அம்மா ஜன்னல் ஓரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தது.

ஜெரோம் மலையிலிருந்து இறங்கி வந்து, ஓரம் தைத்து, கண்ணி வைத்து, இரும்புக் குழாயில் உரசுகிற இடத்தில் துணி சுற்றிக் கட்டிக் கொடுத்தான். வெயிலில் குழாய் சுட்டால் ஷீட் கருகிவிடும். அதற்குப் பிறகு வந்தது பராமரிப்பு. மணிமாறன் படுத்தபடியே சட்டம் போட்டான். முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியைக் கீழே விட வேண்டும். வெறும் துணியால் துடைக்கவே கூடாது, மண் கீறிவிடும். அப்புறம் குழந்தைகளுக்குப் போடுகிற ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்து, பழைய வேட்டித் துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய், தின்னர் பக்கமே போகக் கூடாது. முக்கியமாக, வெயில் படும்போது கழுவக் கூடாது. சோப்பு காய்ந்து திட்டுத் திட்டாக நின்றுவிடும். சாயந்தரம் வெயில் வீட்டுக்குப் பின்னால் இறங்கிய பிறகுதான்.

அவள் ஒரு நாள்கூட விடாமல் சாயந்தரம் கழுவினாள். தெருப் பெண்கள், "புருசனக் குளுப்பாட்ட கால் மணி நேரம், இதக் குளுப்பாட்ட ஒரு மணி நேரமா?" என்று கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள். ஷீட் இருப்பதே தெரியாத அளவுக்கு வைத்திருந்தாள். குருவிகள் வந்து மோதின. மணிமாறனுக்கு அதில் ஒரே பெருமை.

அவன் எதைப் பார்ப்பதற்காக இவ்வளவு பாடுபட்டான் என்பது அவளுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

செழியன் சம்பங்கி போட்டிருக்கிறான். இருட்டோடு தோட்டத்துக்குப் போய்ப் பூவை எடுத்துவந்து, மூட்டையைப் பைக்கில் கட்டி, வெயில் ஏறத் தொடங்கும்போது மார்க்கெட்டுக்குக் கிளம்புவான். கிளம்புவதற்கு முன் வாசலில் வந்து நின்று, தெருவைத் தாண்டி இந்த வீட்டையே கொஞ்ச நேரம் பார்ப்பான். பிறகு திரும்பிப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

அண்ணனும் தம்பியும் பேசி ஐந்து வருஷம் ஆகிறது. செழியன் வீட்டில் பிள்ளைக்குக் காது குத்து வைத்தது மே மாதத்தில். மலையில் கூட்டம் நெரிகிற மாதம். மணிமாறனுக்கு லீவு கிடைக்கவில்லை. பெரியப்பன் நாற்காலி காலியாகக் கிடந்தது. "ஒனக்கு அந்தப் படகுதான் கூடப்பொறந்தது. அதுகிட்டயே உறவு வச்சுக்க," என்று செழியன் போனில் சொன்னான். மணிமாறன் போனை வைத்துவிட்டான். அவ்வளவுதான் சண்டை. ஆனால் எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. ஒருத்தர் வெளியே வரும்போது மற்றவர் உள்ளே போக வேண்டும், தண்ணீர் லாரி வந்தால் முறை வைத்துப் பிடிக்க வேண்டும், விசேஷ வீட்டில் பந்தி பார்த்து உட்கார வேண்டும். ஐந்து வருஷமும் இரண்டு குடும்பங்களும் அதைப் பிசகாமல் செய்தன. அறிவுச்செல்வியின் வீட்டு வாசல் சந்துப் பக்கம் இருந்தது வசதியாகப் போயிற்று. தெருவின் அந்தப் பக்கம் அவள் காலே வைத்ததில்லை.

"நிக்கிறான் பாரு," என்பான் மணிமாறன், காலையில். அதற்காகவே முகம் கழுவச் சொல்லி, சட்டை மாட்டச் சொல்லி உட்கார்ந்திருப்பான். "மெலிஞ்சுட்டான். சட்டைய எப்புடிப் போட்டுருக்கான் பாரு."

"போயிக் கூப்புடவா?"

"நீ போவாத. என்னையத்தானே பாக்குறான். அவனா வரட்டும்."

அப்படியே பல காலைகள் போயின. போன வாரம் ஒருநாள், மூச்சு இன்னும் குறைந்திருந்த நேரம், மணிமாறன் வலது கையைத் தூக்கினான். விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப் மாட்டியிருந்த கை. மெல்லத் தூக்கி, விரல்களை மடக்கி, வா என்றான். அறிவுச்செல்வி பக்கத்திலேயே நின்று பார்த்தாள். செழியன் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பினான். பைக் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

மறுநாளும் கையைத் தூக்கினான். அதற்கு மறுநாளும். தூக்குகிற உயரம் குறைந்துகொண்டே வந்தது.

நேற்றுக் காலையில் செழியன் போன பிறகு மணிமாறன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். பிறகு, "கட்டிலத் திருப்பிப் போடு செல்வி," என்றான்.

"எந்தப் பக்கம்?"

"செவுத்துப் பக்கம்."

அவளும் சடையாண்டியுமாகக் கட்டிலைத் திருப்பினார்கள். மதியம் கஞ்சி கொண்டுவந்தபோது அவன் சுவரைப் பார்த்தபடி போயிருந்தான். மெஷின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

செய்தி கேட்டுச் செழியன் இருட்டும் நேரத்துக்கு ஓடிவந்தான். செருப்பு ஒன்று காலில் இல்லை. சந்தில் கேட்டைப் பிடித்துக்கொண்டு அறிவுச்செல்வி நின்றாள்.

"எதுக்கு வந்த?"

"மதினி..."

"உசுரோட இருக்கையில வராதவன் இப்ப எதுக்கு வந்த? வாசல்ல நின்னு நின்னு பாத்தேல்ல? அங்கனயே நின்னு பாரு. உள்ள வராத."

பகையாளியைக்கூடச் சாவு வீட்டில் தடுப்பதில்லை. இவள் கூடப்பிறந்தவனைத் தடுக்கிறாள். செழியன் ஒற்றைச் செருப்போடு வந்த வழியே போனான். அப்போது அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது என்பதும் உண்மைதான்.

"ஆத்தா செல்வி," என்று காத்தமுத்து அருகில் வந்தார். "சவரம் பண்ண ஆளு வந்துட்டாரு. கொள்ளி யாருன்னு சொல்லணும்."

"எம் மக வைப்பா."

"பொம்பளப்புள்ள வைக்கக்கூடாதுன்னு நான் சொல்ல வரல. இப்ப எல்லாரும் வைக்கிறாக. ஆனா கூடப்பொறந்தவன் எதுத்தாப்புல குத்துக்கல்லாட்டம் இருக்கையில..."

"குத்துக்கல்லுதான் மாமா. நானும் அதத்தான் சொல்றேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "நானும் அவன்கிட்ட ரெண்டு தடவ சொன்னேன், அண்ணன் நெலம மோசமா இருக்கு, போயிப் பாருடான்னு. 'அவரு மறைச்சுக் கெட்டிக்கிட்டாரு, கூப்புடாம எப்புடிப் போறது'ன்னான். வீம்பு பிடிச்ச பயன்னு நான் விட்டுட்டேன்."

மறைச்சுக் கட்டியதா? கண்ணாடி மாதிரி இருக்கிற ஷீட்டை மறைப்பு என்று சொல்வதற்கும் ஒரு வாய் வேண்டும் என்று அவள் நினைத்தாள். "தமிழ்மதி எங்க?" என்றாள்.

சடையாண்டியின் மனைவி, "சித்தப்பா வீட்டுக்குப் போச்சு," என்றாள்.

தமிழ்மதி கோயம்புத்தூரில் படிக்கிறாள். நேற்று இரவுதான் வந்து சேர்ந்தாள். கொள்ளி நீதான் வைக்க வேண்டும் என்று அம்மா சொன்னபோது தலையாட்டியவள், இப்போது அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். அறிவுச்செல்வி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்து வழியாக வெளியே வந்து, மூலையைச் சுற்றி, தெருவைக் கடந்தாள். பின்னால் யாரோ, "ஏத்தா, நீ வெளிய வரக்கூடாதுத்தா," என்று கூப்பிட்டார்கள்.

எதிர் வீட்டு வாசலில் தமிழ்மதியும் செழியனும் நின்றுகொண்டிருந்தார்கள். இருவரும் தெருவைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வந்ததற்கு இருவரும் திரும்பவில்லை.

"இங்க என்னடி பண்ற?" என்றாள்.

"அம்மா, இங்கருந்து பாரு," என்றாள் தமிழ்மதி.

அறிவுச்செல்வி திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள்.

வீட்டு முன்பக்கத்தில் வெயில் நின்றுகொண்டிருந்தது. முன்பக்க ஷீட் முழுவதும் ஒரே வெள்ளை. கண்ணைக் கூசியது. இடுக்கிக்கொண்டு பார்த்தால் அதில் வானம் தெரிந்தது, மின்கம்பி தெரிந்தது, சின்னத்தாய் இல்லம் என்ற எழுத்து இடவலம் மாறித் தெரிந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. உள்ளே பெட்டி இருக்கிறது, பத்துப் பதினைந்து பெண்கள் இருக்கிறார்கள், சற்று முன் அவளே அங்கேதான் நின்று இவனை முறைத்தாள். ஓர் ஆள்கூடத் தெரியவில்லை.

அவள் ஒரு பக்கமாக நகர்ந்து பார்த்தாள். குனிந்து பார்த்தாள். வெள்ளைதான்.

சாயந்தரம் கழுவும்போது இந்த வெயில் இருந்ததே இல்லை. கழுவுகிற தூரத்தில் நின்றால் உள்ளே மணிமாறன் அவளைப் பார்த்துச் சிரிப்பதுகூடத் தெரியும். இத்தனை வருஷம் படகுக்குள் உட்கார்ந்து வெளியே பார்த்தவன், ஒருநாளும் கரையில் நின்று பார்த்திருக்கமாட்டான். அவள் தேய்த்துத் தேய்த்துத் தூசி தங்கவிடாமல் வைத்திருந்தாள். கொஞ்சம் அழுக்காக விட்டிருந்தாலாவது நிழலாகத் தெரிந்திருக்குமோ என்னவோ.

"தெனமும் இங்கதான் நிப்பேன் மதினி," என்றான் செழியன். அவளைப் பார்க்காமல் அந்த வெள்ளையைப் பார்த்தே பேசினான். "அண்ணன் மறைச்சுக் கெட்டிருச்சு, என் மூஞ்சியில முழிக்க வேணாம்னு நெனச்சிருச்சுன்னு இருந்தேன். வெளிய உக்காந்திருக்கா, உள்ள படுத்திருக்கான்னுகூடத் தெரியாது. ஆனா மெஷினு சத்தம் கேக்கும். குர்ருன்னு. அது கேட்டுச்சுன்னா அண்ணன் இருக்குன்னு அர்த்தம். அது காதுல விழுந்ததும் மார்க்கெட்டுக்குப் போயிருவேன்."

அறிவுச்செல்வி காது கொடுத்துக் கேட்டாள்; இப்போது அந்தப் பக்கமிருந்து அழுகைச் சத்தம்தான் வந்தது.

"நேத்துக் காலையிலயும் கேட்டுச்சு. நல்லாத்தான் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் போனேன்."

அவன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தான். ஐந்து வருஷத்தில் அவனும் நரைத்துப் போயிருந்தான். மணிமாறன் சொன்னது போல் மெலிந்துதான் இருந்தான். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"ஒரு சாடை காட்டியிருந்தாப் போதும் மதினி. ஒரே ஒரு சாடை. விழுந்தடிச்சு ஓடி வந்திருப்பேன்."

தமிழ்மதி அம்மாவைப் பார்த்தாள். அப்பா கையைத் தூக்கியதையும், சித்தப்பா திரும்பிப் போனதையும், ஒவ்வொரு நாளும் போனில் அவளிடம்தான் அறிவுச்செல்வி சொல்லி ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டாள்.

"அண்ணன் என்னையப் பத்தி எதும் சொல்லுச்சா?" என்றான் செழியன்.

அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடத் தோன்றியது. ஒன்னையக் கூப்பிட்டார்டா, கையைத் தூக்கிக் கூப்பிட்டார், நீ திரும்பிப் போறதைப் பார்த்துட்டுத்தான் செவுத்துப் பக்கம் திரும்பிச் செத்தார். இதைச் சொல்லிவிட்டால் அவள் பாரம் பாதி இறங்கும். இறங்குகிற பாதி எங்கே போய் ஏறும் என்பதும் கண் முன்னால் நின்றது. ஒன்றும் சொல்லாமல் விடவும் முடியாது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் உள்ளே வருவான். வராந்தாவில் நின்றால் தெரு பளிச்சென்று தெரியும். அவன் ஒன்றும் மடையன் இல்லை.

"உள்ளருந்து பாத்தா நல்லாத் தெரியும் செழியா," என்றாள். "தெனமும் ஒன்னையப் பாத்தாரு."

அவன் சட்டென்று திரும்பினான். "தெரியுமா?"

"தெரியும். நீ வருவேன்னு மூஞ்சி கழுவிச் சட்டை போட்டு உக்காந்திருப்பாரு."

அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே அது கலைவதை அவள் பார்த்தாள். எதிர்பார்த்துத்தான் நின்றாள்.

"அப்ப... நான் திரும்பித் திரும்பிப் போனதையும் பாத்துச்சா?"

"பாத்தாரு."

"மதினி, நான்..."

"மெஷினு சத்தத்தக் கேட்டுட்டுத்தான் போறேன்னு அவருக்குத் தெரியும்," என்றாள் அறிவுச்செல்வி. குரல் அவளுக்கே அந்நியமாக, நிதானமாக இருந்தது. "'காது குடுத்துக் கேக்குறான் பாரு செல்வி. கேட்டுட்டான், இனி கெளம்பிருவான்'ம்பாரு. அதே மாதிரி நீயும் கெளம்பிருவ."

"அண்ணனா சொல்லுச்சு?"

"அவருதான்."

"சிரிச்சுச்சா?"

"சிரிச்சாரு."

செழியன் வாசல்படியில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதான். அவன் மனைவி உள்ளிருந்து ஓடிவந்து, அறிவுச்செல்வியைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தமிழ்மதி அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா கையைத் தூக்கியதை இனி அவளும் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

"எந்திரி," என்றாள் அறிவுச்செல்வி. "வெயில் ஏறுது. நீதான் கொள்ளி வைக்கணும்."

"நானும் சித்தப்பா கூடப் போறேன்மா," என்றாள் தமிழ்மதி.

"போ."

மூவரும் தெருவைக் கடந்தார்கள். சந்து வாசலில் கூடி நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். செழியன் உள்ளே போனான். உள்ளே அவன் எழுப்பிய சத்தத்தை அவள் வெளியே நின்று கேட்டாள். அவள் கூடப் போகவில்லை.

அவன் வெளியே வந்தபோது சவரம் செய்கிறவர் வீட்டு முன்னால் தெருவோரத்தில் சாக்கை விரித்து, கிண்ணத்தில் தண்ணீரோடு காத்திருந்தார். "கெழக்காம பாத்து உக்காருங்க," என்றார். காத்தமுத்து செழியனின் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, துண்டை வாங்கிக்கொண்டார்.

எதிரே வெயில் நேராக அவன் முகத்தில் அடித்தது. சவரம் செய்கிறவர் மீசையை நனைத்தார். அவன் கண்ணை இடுக்கினான். தாடையைப் பிடித்து நிமிர்த்தியபோது இன்னும் கூசியது போலும், முகத்தைத் திருப்பினான். "அசையாதீங்க," என்றார் அவர்.

அறிவுச்செல்வி வந்து அவனுக்குக் கிழக்கே நின்றாள். இரண்டடி தள்ளி நின்று பார்த்து, இன்னும் கொஞ்சம் இடப்பக்கமாக நகர்ந்தாள்.

"நீ உள்ள போயி மணிமாறன் கிட்ட உக்காருத்தா," என்றார் காத்தமுத்து. "இங்க என்ன வேல ஒனக்கு?"

"வாரேன் மாமா. செத்த நேரம்," என்றாள். மீசையை எடுத்து முடிக்கும் வரை நிழல் அவன் முகத்தை விட்டு விலகாமல் அங்கேயே நின்றாள்.